கட்டாரிக்குக் கைதட்டாதீர்கள்

போன வாரம் உங்கள் குஸ்திப் பயிற்சிக் கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துப் பேசச் சொன்னீர்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கேட்ட கேள்வி எல்லாம் அருணைச் சிங்கத்தைப் பற்றித்தான். சிங்கம் எப்படிக் குதிப்பார், சிங்கத்தின் கைப்பிடி எப்படி இருக்கும், சிங்கத்தோடு எடுத்த போட்டோ இருக்கிறதா. கட்டாரி என்று ஒரு ஆள் இருந்தாரே என்று ஒரு பிள்ளையாவது வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களில் நடுவர் சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறப்போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மற்றவர்கள் படிக்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன்.

எழுபதுகளில் தொடங்கிப் பல வருடம் நான் ஒரு குஸ்திக் கம்பெனியில் நடுவராக இருந்தேன். ரெப்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் ஊராகப் போய், மைதானத்தைச் சுற்றித் தட்டி கட்டி, நடுவில் மேடை போட்டு, நான்கு பக்கமும் கயிறு இழுத்து ஆட்டம் காட்டுவோம். யார் ஜெயிப்பது என்பது முன்னாலேயே பேசி வைத்ததுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூத்தில் துரியோதனன் சாகப்போவது தெரியாமலா ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. முடிவுதான் பேசி வைத்தது, விழுகிற அடி நிஜம்.

எங்கள் கதாநாயகனுக்கு ஊருக்கு ஒரு பெயர் வைப்பார் முதலாளி. வேலூரில் கோட்டை வேங்கை, ஆரணியில் பட்டுப்புலி, திருவண்ணாமலை வந்தால் அருணைச் சிங்கம். நான் எல்லா ஊருக்கும் சிங்கம் என்றே சொல்லிவிடுகிறேன். ஆளுக்குச் சொந்த ஊர் சென்னையில் கடலோரம். சினிமா நடிகர் போல இருப்பார். வில்லன் கட்டாரிக்கு மட்டும் எந்த ஊரிலும் கட்டாரி என்றுதான் பெயர். திட்டுவதற்கு ஒரே பெயர் போதும் என்று அவரே சொல்வார்.

அவரைப் பார்த்தால் மல்யுத்தக்காரர் என்று நம்ப மாட்டீர்கள். உயரம் கம்மி, தொப்பை, மண்டையில் பாதி வழுக்கை. செங்கம் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடும் விவசாயக் குடும்பத்து ஆள். ஆனால் மேடைக்கு வந்துவிட்டால் கூட்டத்தின் கண் வேறு எங்கும் போகாது. முதலில் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாலாக மடிப்பார். மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடிப்பார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சீப்பை எடுத்து இல்லாத முடியை நிதானமாக வாருவார். சிங்கம் தொடை தட்டிக்கொண்டு நிற்பார். ஜனம் "வாடா டேய்" என்று கத்தும். இவர் உதட்டில் விரலை வைத்து ஹெட்மாஸ்டர் மாதிரி அமைதி கேட்பார். அவ்வளவுதான், மைதானம் கொதித்துப் போகும். ஒரு அடி கூட இன்னும் விழுந்திருக்காது.

அந்த ரகசியத்தை ஒரு நாள் கேட்டேன். "ஆயிரம் பேர பாக்கக் கூடாதுப்பா. ஒருத்தன பாக்கணும். பொண்டாட்டியோட வந்து முன் வரிசையில மீசைய முறுக்கிக்கினு இருப்பான் பாரு, அவன மட்டும் பாத்து லேசா சிரிக்கணும். மீதிப் பேருக்கு அவனே கோவத்த மூட்டிடுவான்" என்றார்.

ஊருக்குள் அவருக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்கிறேன். பெரிய கோபுரம் பக்கம் ஒரு ஓட்டலில் நாங்கள் சாப்பிடுவது வழக்கம். சிங்கத்துக்கு இலையில் கேட்காமலே கூட்டு விழும். கட்டாரி சாம்பார் கேட்டால் பரிமாறுகிறவர் காது கேட்காதது போலப் போய்விடுவார். எனக்கு எரிச்சலாக வரும். இவர் வெறும் சோற்றில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, "நேத்து ஆட்டம் நல்லா பிடிச்சிருக்குது" என்று சந்தோஷப்படுவார். சாம்பார் வரத் தொடங்கினால் கவலைப்படுவார்.

ஆரணியில் ஒரு சம்பவம். ஆட்டம் ஆரம்பித்த சற்று நேரத்தில் சிங்கத்தின் முழங்கால் நிஜமாகவே பிசகிவிட்டது. நிற்கவே முடியவில்லை. வில்லன் ஜெயித்தால் அன்றோடு ஊரில் வசூல் படுத்துவிடும். கட்டாரி என்ன செய்தார் தெரியுமா? நகராமல் நிற்கும் அந்த ஆளைச் சுற்றிச் சுற்றி வந்து, அவர் கைபட்ட இடத்திலெல்லாம் பறந்து விழுந்தார். தானே ஓடி வந்து மோதினார், தானே கயிற்றில் சிக்கினார், கடைசியில் தானே மல்லாந்து கிடந்தார். சிங்கம் ஒற்றைக் காலில் நின்றே ஜெயித்ததாக ஆரணியே கொண்டாடியது. நிற்க முடியாதவனிடம் தோற்றுக் காட்டுவதற்கு எவ்வளவு வித்தை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சுவரொட்டியில் சிங்கத்தின் படம்தான் பெரிசு. கட்டாரியின் படம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மூலையில் இருக்கும். அது எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

சரி, நான் சொல்ல உட்கார்ந்த விஷயம் இதுதான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். மலையில் தீபம் ஏற்றிய மறுநாளே திருவண்ணாமலையில் ஆட்டம் தொடங்கினோம். தீபத்துக்கு வந்த ஜனம் இன்னும் ஊரில் இருந்தது. மைதானத்தின் வடக்குப் பக்கம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று கேலரி. சவுக்குக் கம்பு நட்டு, கயிற்றால் கட்டி, படிப்படியாகப் பலகை போட்டது. ஆண்களுக்கு மேடைக்கு முன்னால் மணல் தரை. அந்த மாதம்தான் உங்களுக்குத் தெரியுமே, மழை விட்டு விட்டுப் பெய்யும். மண் ஊறிப் போயிருந்தது. முதலாளி கேலரியில் ஏற்றிய ஜனமோ ரொம்ப ஜாஸ்தி.

அன்று மாலை ஆட்டம் சூடு பிடித்த நேரம். சிங்கம் கட்டாரியின் கழுத்தைக் கக்கத்தில் இறுக்கிக் கீழே சாய்த்திருந்தார். தோள் தரையில் படுகிறதா என்று பார்க்க நான் மண்டி போட்டேன். தலையைத் தூக்கியபோது கேலரி கண்ணில் பட்டது. கோடியில் ஒரு மூலை மட்டும் கோணலாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தேன். முட்டுக் கம்பு சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே கைக்குழந்தைகளோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து கட்டாரியைச் சபித்துக்கொண்டிருந்தார்கள்.

மைக்கைப் பிடுங்கி "எல்லாரும் இறங்குங்க" என்று கத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடக்கும்போதுதான் மேடையில் பேச்சு நடக்கும். அடுத்து என்ன செய்யலாம் என்பதைப் பிடிக்குள்ளேயே முணுமுணுத்துக்கொள்வார்கள். நடுவர் குனிந்து தரையைத் தட்டுவதும் அதற்குத்தான். நானும் குனிந்து தரையைத் தட்டினேன்.

"அண்ணா, பொம்பளைங்க கேலரி மூலை எறங்குது. கம்பு சேத்துல போவுது."

சிங்கத்தின் கக்கத்துக்குள்ளிருந்து கட்டாரி கேட்டார். "எந்த மூலை?"

"கோயில் பக்கத்து மூலை. மைக்ல சொல்லிடட்டுமா?"

"சொல்லாத. சொன்னா எல்லாம் ஒண்ணா எழுந்து குதிக்கும். அதுலயே சாஞ்சிடும்." கூட்டம் கட்டாரி செத்தான் என்று கத்திக்கொண்டிருந்தது. பிறகு சிங்கத்திடம் சொன்னார். "நான் பொம்பளைங்க எறங்கக் கூடாதுன்னுவேன். நீ வாங்க வாங்கன்னு கூப்புடு. அந்த மூலை மொதல்ல வரட்டும். கொழந்தைங்கள புடிச்சிக்கினு மெதுவா வரச் சொல்லு. இன்னா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுணா" என்றார் சிங்கம்.

"ரெப்ரி, நீ ஆளுங்கள கம்புகிட்ட அனுப்பு." சொல்லிவிட்டுக் கட்டாரி பிடியை உதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் என்னையும் ஒரு தள்ளு தள்ளினார். நான் உருண்டு போய் மணி அடிக்கிறவர் பக்கம் விழுந்தேன். அது தள்ளு இல்லை, என்னைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தது. மணிக்காரர் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் தட்டி கட்டும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மிச்சமிருந்த சவுக்குக் கம்புகளோடு கேலரிக்கு அடியில் முட்டுக் கொடுக்கப் போனார்.

மேடையில் கட்டாரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையைப் பார்த்து விரலை நீட்டினார்.

"அதோ அந்த மூலையில உக்காந்துக்கினு கத்தறாங்களே, அவங்களாலதான் எனக்குக் கவனம் போவுது. பொம்பளைங்களுக்கு எதுக்குய்யா குஸ்தி? வூட்ல அடுப்ப பாக்கறது தானே. மேலயே கெடங்க. ஒருத்தி எறங்கி இந்த மணல்ல வந்து உக்காந்தாலும் நான் ஆட மாட்டேன். மேடைகிட்ட உக்கார ஆம்பளைக்குத்தான் யோக்கியத உண்டு."

அந்த மூலையில் தேரடிப் பக்கம் வெற்றிலைக் கடை வைத்திருந்த அம்மா ஒருவர் இருந்தார். ஊருக்கே தெரிந்த வாய். அவர்தான் முதலில் எழுந்தார்.

"யார்றா நீ எங்கள எறங்கக் கூடாதுன்றது? உன் அப்பன் வூட்டு மணலா அது?"

சிங்கம் உடனே கையை விரித்துக் கூப்பிட்டார். "நீங்க வாங்கம்மா. அவன் உங்க மூலையத்தான் சொன்னான், நீங்கதான் மொதல்ல வரணும். கொழந்தைங்கள கையில புடிச்சிக்கினு மெள்ள வாங்க. எவன் தடுக்கறான்னு நான் பாக்கறேன்."

மணலில் இருந்த ஆண்கள் தாங்களாகவே எழுந்து இடம் விட்டார்கள். பெண்கள் வரிசையாக இறங்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு கட்டாரி செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கூட்டமாக எழுந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, மூட்டை கட்டிப் போகிறவர் போலத் துண்டை மடிக்க ஆரம்பிப்பார். என்ன செய்கிறான் என்று பார்க்க எழுந்தவர்கள் அப்படியே நிற்பார்கள். நெரிசல் குறைந்ததும் திரும்பி வந்து ஒரு வசை. மறுபடி ஒரு வரிசை இறங்கும். வாய்க்காலில் மடையைத் திறந்து மூடுகிற மாதிரி அத்தனை பேரையும் தன் மேல் இருந்த வெறுப்பாலேயே இறக்கிக்கொண்டிருந்தார்.

ஆண்கள் பக்கமிருந்து ஒரு கல் வந்து அவர் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கைய எடு. மேல் வரிசை இன்னும் எறங்கல" என்றார்.

கடைசிக் குழந்தையும் இறங்கி, முட்டுக் கொடுத்தவர்களும் வெளியே வந்த பிறகு சிங்கம் அவரைத் தூக்கிப் போட்டார். மைதானம் ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தில் கேலரியின் மூலை சேற்றில் உட்கார்ந்து பலகைகள் சரிந்தது யார் காதிலும் விழவில்லை. எல்லாக் கண்ணும் அவர் அடி வாங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். விட்டுவந்த பையை எடுக்கத் திரும்பிய வெற்றிலைக் கடை அம்மாவும் பார்த்தார். பார்த்தபடியே வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலை ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்துவிட்டார்கள். பெண்களைத் தரக்குறைவாகப் பேசியவன் மேடையில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் கிடையாது என்றார்கள். சரிந்த மூலை ராத்திரி மழையில் விழுந்தது என்றே நினைத்திருந்தார்கள். முதலாளி தலையாட்டினார். நான் முதலாளியைத் தனியாக இழுத்துப்போய், கேலரியைப் பிரிக்காமல் நான் விசில் ஊத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றே பிரித்தார்கள். இனி எந்த ஊரிலும் பெண்களுக்கு முன் மணல்தான் என்று முடிவானது. அது முடிந்ததும் கட்டாரியிடம் போனேன். நெற்றியில் பிளாஸ்திரியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நடந்தத சொல்லிடறேண்ணா. மன்னிப்பு கேக்க வேண்டியது நீங்க இல்ல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னா இன்னா ஆவும்?"

"கை தட்டுவாங்க."

"அதான் வேணாம்ன்றேன். இங்க தட்டின கை சத்தம் அடுத்த பஸ்லயே போளூர் போயிடும். அங்க நான் சீப்ப எடுத்தா எவன் திட்டுவான்? ஊருக்கே நல்லவனாயிட்டு நான் இன்னா பண்றது, திரும்பி மல்லாட்ட போடறதா? எனக்கு வெளையறதே இந்தத் திட்டு ஒண்ணுதான்பா. மன்னிப்பு தானே, கேட்டுட்டு போறேன்."

அந்த மனிதர் பிழைப்பைக் காப்பாற்றித் தர வேண்டும் என்று மட்டும் மனசில் உறுதியாக நினைத்துக்கொண்டேன். வழி தெரியவில்லை.

மாலையில் மைதானம் நிரம்பி வழிந்தது. கட்டாரி மேடைக்கு வந்தார். துண்டு மடிக்கவில்லை, சீப்பு எடுக்கவில்லை. கை கூப்பி, "தாய்மாருங்க மன்னிக்கணும்" என்றார். அப்போது முன் மணலிலிருந்து வெற்றிலைக் கடை அம்மா எழுந்தார். கையில் கோயிலில் வாங்கி வந்த விபூதித் தட்டு.

"மன்னிப்பு நாங்கதாம்பா கேக்கணும்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, அந்தப் பெரிய குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூலை சரிந்ததை, இவர் அந்த மூலையை மட்டும் குறிவைத்து ஏசியதை, கல் பட்டும் வாயை மூடாததை. "எங்க கொழந்தைங்கள எறக்கி வுட்டவரு இவருதான்" என்று முடித்தார்.

யாரோ ஒருவர் தட்டினார். அப்புறம் மைதானமே தட்டியது. "தெய்வம்யா" என்று ஒரு குரல். என்ன புத்தியோ, சிங்கமும் சேர்ந்து தட்டினார். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. கட்டாரி நடு மேடையில் நின்றார். எத்தனை பேர் செருப்பு வீசினாலும் அசையாத ஆள், அந்தக் கைதட்டலில் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார். அம்மா தட்டை நீட்டிக்கொண்டு மேடையோரம் வந்துவிட்டார். விபூதியை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டால் கட்டாரி என்ற வில்லன் அங்கேயே செத்தான். வாங்காவிட்டால் அந்த அம்மாவின் மனசு நோகும். கட்டாரி என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தது அன்று ஒரு தரம்தான்.

இந்த ஊரில் ஆடும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மேடையிலிருந்து பார்த்தால் மலை உச்சியில் தீபம் தெரியும். ஆட்டத்துக்கு முன் இருவரும் மலையைப் பார்த்துக் கும்பிட வேண்டும். இருவரும் கும்பிட்டு முடித்துத் திரும்பிய பிறகுதான் நான் தலையசைப்பேன், மணி அடிக்கும். சிங்கம் கைதட்டி முடித்து, கண்ணில் நீரோடு மலைப் பக்கம் திரும்பினார். கை கூப்பினார். முதுகு கட்டாரிக்கு நேராக இருந்தது.

நான் மணிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் திகைத்தார். மறுபடி அசைத்தேன். மணி அடித்தது.

கட்டாரிக்குப் புரிய ஒரு இமைப்பொழுது போதுமாக இருந்தது. நீட்டிய தட்டை விட்டுத் திரும்பி, சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த சிங்கத்தின் முதுகில் ஓங்கி ஒரு உதை விட்டார். சிங்கம் கயிற்றில் போய் விழுந்தார். கட்டாரி நிதானமாக இடுப்பிலிருந்து சீப்பை எடுத்து வாரிக்கொண்டார். அண்ணாமலையாரிடம் நான் பிற்பாடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் எத்தனையோ பேரைப் பார்த்தவர், என்னையும் பொறுத்திருப்பார்.

அதன் பிறகு எழுந்த சத்தத்தை நான் வேறு எந்த ஊரிலும் கேட்டதில்லை. சிங்கம் எழுந்து வந்து நிஜக் கோபத்தோடு அவர் கழுத்தை இறுக்கிச் சாய்த்தார். நான் மண்டி போட்டுத் தரையைத் தட்டினேன். பிடிக்குள்ளிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு கட்டாரி கேட்டார்.

"அந்தம்மா இன்னா பண்ணுது பாரு."

தலையைத் தூக்கிப் பார்த்தேன். தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மண்ணை வாரித் தூற்றி, சாமி கும்பிடுகிறவனை உதைத்தவனுக்குக் கை கால் விளங்காது என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

"திட்டுதுணா" என்றேன்.

"சும்மா திட்டுதா, நெஜமா திட்டுதா?"

"நெஜமாவே திட்டுது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சிங்கத்தின் கையைக் கடித்தார்.